கரண்டு போனால் கேட்கும் பாட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க கண்ணுகளா. அந்த நாற்காலி வேண்டாம், அதில் ஒரு கால் ஆடும். இப்படி சோபாவிலேயே உக்காருங்க. இந்த வருசம் எனக்குச் சத்தம் எழும்புவதில்லை, நீங்கதான் காதைக் கொண்டு வர வேண்டும். காப்பி சூடாக இருக்கிறது, ஆற்றிக் குடிங்க. நீங்க கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. ஆனால் அதற்கு நான் ஒரு கதையாகத்தான் பதில் சொல்ல முடியும். கதை என்றதும் பொய் என்று நினைக்க வேண்டாம் சாமி. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் அதுவும் கதைதான்.

காசிமாயன் தம்பி, உங்களை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ராக்கம்மாளை ரேசன் கடையில் பார்த்திருக்கிறேன். உங்க மகன் ராஜ்கமலுக்கு நாகஜோதியைப் பேசி, பூ வைக்கிற வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் யாரோ உங்க காதில் போட்டிருக்கிறார்கள்: அந்தப் பொண்ணை நல்லூரில் ஒரு ஊட்டில் நோயாளியைப் பார்த்துக்க வைத்திருந்தார்கள், கரண்டு இல்லாத நாளில் அவள் எங்கேயோ சுற்றப் போய்விட்டாள், பெரியவர் மூச்சு முட்டிச் செத்துப்போனார் என்று. பொண்ணு எடுக்கிறவங்க நாலு இடத்தில் விசாரிக்கத்தான் செய்வாங்க. அதில் தப்பே இல்லை. நீங்க அவளிடமே கேட்டதற்கு, "அந்த அம்மாகிட்டயே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள் என்றீங்க. கேட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ராக்கம்மா, நீங்க வந்ததிலிருந்து அந்தக் கண்ணாடி அலமாரியையே பார்க்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் இருப்பது சீடி. சினிமாப் பாட்டு இல்லை, பக்திப் பாட்டும் இல்லை. வெள்ளைக்காரன் தேசத்தில் ஜாஸ் என்று சொல்வார்கள். இந்தக் கிழவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்க நெசவுக்காரக் குடும்பம். முருகனுக்குக் காவடி எடுக்கிற ஊடு. எங்க ஊட்டுக்காரர் காலத்தில் தறியை விற்றுவிட்டு நிட்டிங் மிசின் போட்டோம். கீழே கம்பெனி, மேலே ஊடு. வரும்போது போர்டு பார்த்திருப்பீங்க, செங்கோட்டையன் நிட்டர்ஸ் என்று. அதுதான் அவர் பேர். இன்றைக்கும் நான் அதைப் போர்டில் இருக்கிற பேராகத்தான் சொல்வேன், அவர் பேராகச் சொல்லி வழக்கமில்லை.

ஒரு தரம் டென்மார்க்கிலிருந்து பையர் ஒருத்தர் துணி பார்க்க வந்தார். வெயிலுக்கு ஒதுங்கிக் காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இளநீர் வெட்டிக் கொண்டு போனேன். கார் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பியானோ போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் போகிறவனுக்கு வழி தெரிந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. பாட்டு முடிகிற வரை இளநீரை நீட்டாமலே நின்றுவிட்டேன். முடிந்த பிறகுதான் என் கை வலித்ததே எனக்குத் தெரிந்தது. அந்த மனுசன் சிரித்துக்கொண்டே அந்தச் சீடித் தட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்க ஊட்டில் சீடி போடுகிற பெட்டியே கிடையாது. எங்க ஊட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார். "மாடு வாங்கறதுக்கு முன்னால கயிறு வாங்கிட்டு வந்திருக்கறா பாரு." அந்த வாரமே கோயமுத்தூர் போய்ப் பெட்டியும் ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். கேலி செய்வார், ஆனால் கேட்டதை வாங்கிக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனுசன். அதை நான் மறைக்கவில்லை.

எனக்கு இங்கிலீசு தெரியாது. உறையில் இருப்பதை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பேர் வாயில் நுழையாவிட்டால் நானே பேர் வைத்தேன். பியானோக்காரர் வாசிக்கும்போது தொண்டைக்குள் முனகுவார், அவர் முனகல்காரர். ஆளுயரப் பிடிலை நிற்க வைத்து விரலால் சுண்டுகிறவர் நெட்டையர். சின்ன விளக்குமாறு மாதிரி ஒன்றால் டிரம்மைத் தடவித் தடவி வாசிக்கிறவர் விளக்குமாத்துக்காரர். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக அதை எடுத்துக்கொண்டு தன் போக்கில் எங்கேயோ போவார்கள். போனவர்கள் எப்படியோ ஒரே வாசலில் திரும்பி வந்து சேர்வார்கள். பொழுதுக்கும் ஒரே மாதிரி ஓடுகிற மிசினுக்கு மேலே குடியிருந்தவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்க.

எங்க கொழுந்தன் மகன் செந்தில்வேல் இண்டர்நெட்டில் ஆர்டர் போட்டுக் கொடுப்பான். பையர் அனுப்புகிற சாம்பிள் துணி வருகிற அதே கூரியரில் என் தட்டும் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகஜோதி அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்னம்மா, ஒரே படத்தத்தான் வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்க. கடக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்ல கண்ணு. பாட்டு ஒண்ணுதான். ஒவ்வொண்ணும் வேற வேற தடவ சுத்தம் பண்ணுனது."

"பாட்ட எப்புடிம்மா சுத்தம் பண்ணுவாக? சோப்புப் போட்டா?"

அவளுக்கு எல்லாம் விளையாட்டு. அப்போது பதினெட்டு, பத்தொன்பதுதான் இருக்கும். நான் உட்கார வைத்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் டேப் நாடாவில் பிடித்த பாட்டு. நாடாவுக்கென்று ஒரு இரைச்சல் உண்டு, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. சில வருசத்துக்கு ஒரு தரம் யாராவது அந்த நாடாவை எடுத்து, புது மிசினில் போட்டு, அந்த மழையைத் துடைத்து, திரும்பத் தட்டாக விடுவார்கள். ரீமாஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு தரம் துடைக்கும்போதும் அடியிலிருந்து ஏதாவது ஒன்று மேலே வரும். முதல் தட்டில் முனகல் மட்டும் கேட்டது. அடுத்ததில் அவர் உட்கார்ந்திருக்கிற முக்காலி கிறீச்சிடுவது கேட்டது. அது ஒரு ஓட்டலில் வாசித்தது. பின்னால் யாரோ கண்ணாடி டம்ளரைக் கீழே வைப்பது ஒரு தட்டில் கேட்குமாம். செந்தில்வேல்தான் படித்துச் சொன்னான். நான் அந்தத் தட்டை வாங்கினேன். எனக்கு டம்ளர் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? எங்க தெரு உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நிட்டிங், அந்தப் பக்கம் ஸ்டிச்சிங். கீழே எங்க மிசின் வேறு. சன்னலை மூடினாலும் தரை அதிரும். காதில் மாட்டிக் கேட்கிறதை செந்தில்வேல் வாங்கிக் கொடுத்தான். மாட்டினால் பாட்டு மண்டைக்குள் அடைபட்ட மாதிரி இருந்தது. அதோடு, எங்க ஊட்டுக்காரரை வெளியே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரியும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டால் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ரெண்டாயிரத்து எட்டாம் வருசம் கரண்டு கட்டு வந்ததே, ஞாபகம் இருக்கும். ஊரே திட்டியது. ஆர்டர் போச்சு, லேபர் சும்மா நிற்கிறது என்று செந்தில்வேல் தலையில் கை வைத்தான். நான் திட்டவில்லை. பெரிய கம்பெனிக்காரன் ஜெனரேட்டர் போடுவான். எங்க தெருவில் எல்லாம் சின்ன யூனிட். கரண்டு போனதும் ஒவ்வொரு மிசினாக இழுத்து இழுத்து நிற்கும். ஆட்கள் டீக்கடைக்குப் போவார்கள். அப்புறம் ஒரு அமைதி வரும் பாருங்க. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் நான் கேட்காத அமைதி. இன்வெர்ட்டர் இருந்ததால் பெட்டி ஓடியது. தட்டைப் போட்டேன். முனகல் கேட்டது, முக்காலி கேட்டது. மனசுக்குள் ஏதோ இறங்கி வந்து உட்கார்ந்தது. ஆனால் டம்ளர் மட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த அறையில் இன்னொரு மிசின் இருந்தது.

அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அவருக்கு நுரையீரல் போய்விட்டது. காலமெல்லாம் பஞ்சுத் தூசிக்குள் நின்றவர். டாக்டர் ஆக்சிஜன் மிசின் வைக்கச் சொல்லிவிட்டார். சின்னப் பீரோ மாதிரி இருக்கும், கரண்டில் ஓடும், கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஓடும், காற்றை இழுத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். குர்ரென்று ஓயாமல் ஓடும். நடுநடுவே புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். உள்ளறையில் புழுக்கம், காற்று வருகிற இடத்தில் போடலாம் என்று செந்தில்வேல் கட்டிலை இந்தக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டான். என் ஸ்பீக்கர் இருக்கிற கூடம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் அப்போதும் கேலிதான். மூச்சு வாங்கிக்கொண்டே, "முனகறவன் ஒருத்தன் பெட்டியில, ஒருத்தன் கட்டில்ல. உனக்கென்ன மருதா, ரெண்டு கச்சேரி" என்பார்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், அப்படிக் கொஞ்ச நேரம் மிசின் இல்லாமல் தாங்குவார், பயப்பட வேண்டாம் என்று. நானாக எதையும் புதிதாகச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு நாள் அவரைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. மிசின் ஏற்கெனவே நின்றிருந்தது. தெருவும் நின்றது. நான் தட்டைப் போட்டேன். நாகஜோதி அவரைக் கொண்டு வந்து கட்டிலில் உட்கார வைத்தாள். பாட்டு இன்னும் கொஞ்சம் பாக்கி. "முடியட்டுங்களா?" என்று கேட்டேன். கேளு என்று கையைக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த டம்ளர் கேட்டது. எத்தனையோ வருசத்துக்கு முன்னால், எந்த ஊரிலோ, முகம் தெரியாத ஒருத்தர் குடித்து முடித்துக் கீழே வைத்த டம்ளர். நான் அழுதேன் கண்ணு. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியதால் கண்ணில் தண்ணி வந்ததாக நாகஜோதி சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்.

அப்புறம் கரண்டு போகிற நேரமெல்லாம் ஒரு பாட்டுக்கு மட்டும் மிசினை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. முதலில் கேட்டுவிட்டு நிறுத்தினேன். போகப் போக, பழகின விசயத்துக்கு எதற்குக் கேட்பது. ஒரு பாட்டு ரெண்டு பாட்டானது. நாகஜோதிக்குத்தான் பிடிக்கவில்லை.

"அம்மா, ஐயா நகத்தப் பாருங்க. நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு."

"இப்ப முடிஞ்சிரும் கண்ணு."

"சிலிண்டராச்சும் மாட்டுறேம்மா. அது ஓடுற சத்தம் வராதுல்ல."

சிலிண்டரும் வாங்கி வைத்திருந்தோம். நீங்களும் இதையே கேட்பீங்க, சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் ஒரு தண்ணிக் குப்பி உண்டு. காற்று அதன் வழியாக வரும்போது குளுகுளு என்று குமிழ் விடும். வேகமான பாட்டுக்கு அது தெரியாது. மெதுவான பாட்டுக்குத் தெரியும்.

அவள் அதற்கப்புறம் கரண்டு போனால் கட்டிலை விட்டு நகரவே மாட்டாள். மிசின் சுவிட்ச் மேலேயே கை வைத்துக்கொண்டு நிற்பாள். சொன்ன வேலையெல்லாம் செய்வாள், இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். ராக்கம்மா, பொறுப்பில்லாத பொண்ணு என்று உங்களிடம் சொன்னார்களே, நீங்களே யோசித்துக்கொள்ளுங்க. அவளால் நான் பல நாள் பாட்டே கேட்கவில்லை. நான் கோபிக்கவில்லை. சின்னப் பொண்ணு.

அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து அந்தத் தட்டு வந்தது.

செந்தில்வேல் மாடியேறி வந்து கொடுத்தான். "பெரீம்மா, இது சாதாரணத் தட்டு இல்லீங்க. அந்த ஓட்டல்ல அன்னிக்கு வாசிச்சத வெட்டாம ஒட்டாம, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அப்படியே போட்டிருக்கறாங்க." நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கச்சேரியில் கடைசியாக ஒரு மெதுவான பாட்டு இருக்கிறது. இதுவரைக்கும் வந்த எல்லாத் தட்டிலும் அது பாதியில் மங்கி மறைந்துவிடும். இடம் போதாமல் வெட்டினார்களாம். அதற்கு மேலும் முனகல்காரர் வாசித்தார் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, யாரும் கேட்டதில்லை. இவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள். நான் சீல் பிரிக்கவில்லை. தகுந்த நாளுக்காக வைத்திருந்தேன். சட்டை எடுத்துத் தீபாவளிக்கு வைத்திருக்கிற மாதிரி.

நாள் வந்தது. லைன் வேலைக்காக எங்க பகுதிக்குப் பொழுதுக்கும் கரண்டு கிடையாது என்று பேப்பரில் போட்டார்கள். தெருவில் எல்லா யூனிட்டும் லீவு விட்டுவிட்டது. செந்தில்வேலும் குடும்பத்தோடு மூலனூர்ப் பக்கம் ஒரு சீருக்குப் போய்விட்டான். கீழே ஒரு ஆள் இல்லை. ஆடு கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும், அப்படி இருந்தது.

நாகஜோதியைக் கூப்பிட்டேன். "கண்ணு, அவிநாசிக்குப் போயி ஐயா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துரு. விசாக நட்சத்திரம், மறந்துராத."

"இன்னைக்கேவாம்மா? கரண்டு வேற இல்ல."

"இன்வெர்ட்டர் ஓடுது. நான் இருக்கறனல்லோ."

"மிசின நிறுத்த மாட்டீங்கள்ல?"

"போயிட்டு வா சாமி. தேருக்கு முன்னால நல்ல மல்லி விக்கும், தலைக்கு வாங்கிக்கோ."

அவள் அவரிடம் குனிந்து, "ஐயா, போயிட்டு ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுபடியும் படியிலிருந்து திரும்பி வந்து இன்வெர்ட்டர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். ஆக, அவள் சுற்றப் போகவில்லை. நான் அனுப்பிப் போனாள். போன இடம் கோயில். உங்க கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மீதியைச் சொல்லாவிட்டால் நீங்க பாதியில் மங்கின பாட்டைத்தான் கேட்டதாக இருக்கும்.

மிசினை நிறுத்தினேன். சுவிட்சில் நிறுத்தினால் சத்தம் போடாது. கரண்டு அறுந்து நின்றால்தான் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஃபேனையும் நிறுத்தினேன். அவர் முதுகுக்கு ஒரு தலையணை கூடுதலாக வைத்தேன். "இன்னிக்குக் கொஞ்சம் நீளமுங்க. முழுசா வந்திருக்குது" என்றேன். அவர் தலையை அசைத்தார். சரி என்று அசைத்தாரா, வேண்டாம் என்று அசைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. சீல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஓட்டலே இந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டது. யாரோ இருமினார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். விளக்குமாத்துக்காரர் ஒவ்வொரு இழுப்புக்கும் எந்தப் பக்கம் கையைத் திருப்புகிறார் என்று தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு பாட்டாகப் போனது. கடைசி மெதுவான பாட்டு வந்தது. வழக்கமாக மங்குகிற இடம் வந்தது. மங்கவில்லை. அதைத் தாண்டி முனகல்காரர் நடந்து போய்க்கொண்டே இருந்தார்.

அப்போது கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரும்புக் கட்டில். அவர் விரலில் மோதிரம் உண்டு. ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் தட்டுவார், நாகஜோதி அடுப்படியில் இருந்தாலும் ஓடி வருவாள். நான் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டேன். என் மனுசனும் கடைசியில் என்னோடு சேர்ந்து கேட்கிறார், தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. பாட்டு இன்னும் போனது. முடிந்ததும் அந்த ஓட்டலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு எழுந்தேன்.

தட்டை விரல் படாமல் எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். அப்புறம் அவரிடம் போனேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஃபேனைப் போட்டுவிட்டேன். வேட்டியைச் சரி பண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாகஜோதி தலையில் மல்லிகையோடு படியேறி வந்தாள். கையில் பொட்டலத்தோடு நேராகக் கட்டிலுக்குப் போய், "ஐயா, துன்னூறு" என்று நெற்றியில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. அப்புறம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். ஓடாமல் நிற்கிற மிசினைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "கரண்டு இல்லீங்க. பொண்ணும் இல்லீங்க" என்றேன். ரெண்டும் உண்மைதானே. மிச்சத்தை அவர்களே முடைந்துகொண்டார்கள். இன்வெர்ட்டர் கைவிட்டிருக்கும், கிழவிக்குச் சிலிண்டர் மாட்டத் தெரிந்திருக்காது, அந்த நேரம் பார்த்து அந்தக் கழுதை எங்கே போய்த் தொலைந்தாள் என்று. செந்தில்வேல் எல்லார் முன்னாலும் அவளைக் கை நீட்டிவிட்டான். "பூ வெக்கப் போனியா நீ? அங்க மூச்சு நிக்குது, உனக்குப் பூக் கேக்குதா?" அவள் தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிற பொம்பளையிடம் யார் என்ன கேட்பார்கள். சாயங்காலம் அவளுடைய பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கிறீங்களா? என் மேல் பிரியம். நான் அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறேன். சொன்னால் யார் நம்பியிருப்பார்கள் என்று நீங்க கேட்கலாம் தம்பி. அதுவும் இருக்கலாம்.

துக்கம் கேட்க வந்த பொம்பளைகளிடம் நான் ஒன்று சொன்னேன். "கடைசி வரைக்கும் பாட்டுக் கேட்டுத் தாளம் போட்டுக்கிட்டேதான் போனாருங்க." எல்லாரும் புண்ணியவான், புண்ணியவான் என்றார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கும் அதுவே பழகிவிட்டது. இன்றைக்கு உங்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் பொண்ணு வாழ்க்கை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் தாளமே கிடையாது கண்ணு. நெட்டையரும் விளக்குமாத்துக்காரரும் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். பியானோ மட்டும்தான், அதுவும் நினைத்த இடத்தில் நின்று, நினைத்த இடத்தில் நடந்து. அதற்கு யாராலும் தட்ட முடியாது. அது எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தட்டுகிற சத்தம் பாட்டுக்குக் குறுக்கே விழுந்தது. நான் எழுந்து போய்ப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டினேன். பெட்டி அந்த மூலையில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் கட்டிலைத் தாண்டித்தான் போனேன். அவர் கை என் சேலையில் பட்டது. வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுந்து மிசினைப் போட்டிருக்கலாம். ஒரு சுவிட்ச்தான். ஆனால் பாதியில் நிறுத்தினால் அந்தப் பாட்டை முதல் தரம் கேட்பது என்பது அவ்வளவுதான். அப்புறம் எத்தனை தரம் போட்டாலும் ரெண்டாம் தரம்தான். மனுசன் மூச்சுக்கு அப்படி இல்லை, அது திரும்ப வரும் என்று நினைத்தேன். குளிக்கிற நேரம் தாங்கினவர்தானே.

அந்தத் தட்டை அப்புறமும் போட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் எவ்வளவு துடைத்திருந்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கம்பிச் சத்தம் கேட்கிறது. இதைவிட நல்லதாக இன்னொன்று வந்திருக்கிறதாம். செந்தில்வேலிடம் சொல்லியிருக்கிறேன்.

ராக்கம்மா, ஏன் எழுந்துவிட்டீங்க. காப்பி அப்படியே இருக்கிறதே.

"இத நாங்க வெளிய சொல்லலாமா ஆத்தா?" என்று கேட்கிறீங்க தம்பி. தாராளமாகச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு பேர் சுத்தமாக வேண்டும். நல்லூரிலும் சொல்லுங்க, உங்க தெற்கத்திச் சனங்களிடமும் சொல்லுங்க. போலீசு வந்தால் அவர்களையும் இப்படியே உட்கார வைத்து, காப்பி கொடுத்துச் சொல்வேன். நாகஜோதியிடம் மட்டும் நான் அவளை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு ஃபேனைப் பார்த்தபோதே தெரியும்.

படியில் பார்த்து இறங்குங்க, இருட்டாக இருக்கும். கட்டிக்கொண்டு போங்க அவளை, யோசிக்காதீங்க. உங்க ஊடு பாலும் பானையுமாகப் பொங்கட்டும். மகனும் மருமகளும் நூறு வயசு இருக்கட்டும். உங்க ஊட்டில் யார் எந்த மூலையில் கிடந்து தட்டினாலும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர ஒருத்தி எப்போதும் இருக்கட்டும்.